அப்பா கை நீட்டும்போது பாப்பா எங்கே பார்க்கிறாள்?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு கையால்தான் நடக்கிறது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, ஆனால் வாயில் ஒன்றிரண்டு சொல்லுக்கு மேல் வருவதில்லை. வலது கையும் எழும்பாது. அதனால் வேண்டியதை இடது கை ஆள்காட்டி விரலால் காட்டுவார், அம்மா எடுத்துக் கொடுப்பாள். இதையெல்லாம் கூடத்தில் தவழ்ந்துகொண்டே என் மகள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு இப்போது பதினோரு மாதம்.

பெரியம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பேச்சே இல்லாத இடத்தில் பிள்ளையை விட்டால் பேச்சு தள்ளிப்போகும், உள் அறையில் டிவி போட்டு உட்கார வை என்கிறார். அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் அலமாரி முன்னால் நான் பார்த்த ஒரு விஷயம்.

அலமாரியின் நடுத்தட்டில் ரேடியோவும் மூக்குக்கண்ணாடிக் கூடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அன்றைக்கு அப்பா ரேடியோவைக் காட்டினார். அம்மாவுக்கு நினைப்பெல்லாம் அடுப்பில், கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினாள். பாப்பாவின் கண் அப்பாவின் விரலுக்குப் போனது, அங்கிருந்து அம்மாவின் கைக்கு வந்தது, அந்தக் கூட்டிலேயே நின்றுவிட்டது. பிறகு தலையைத் திருப்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பளபளப்பான கூடு என்பதால் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. தாய் கண்ணுக்குத் தன் பிள்ளை செய்வதெல்லாம் அறிவாகத்தான் தெரியும். அதனால் இதைப் பற்றி யார் முறையாகச் சோதித்திருக்கிறார்கள் என்று தேடினேன். கிட்டத்தட்ட எங்கள் அலமாரிக் காட்சியையே சோதனையாக நடத்தியிருக்கிறார்கள்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அதீனா வௌலுமானோஸும் மாண்ட்ரியால் மெக்கில் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டீன் ஒனிஷியும் சேர்ந்து செய்த ஆய்வுகள் அவை. ஒருத்திக்கு முன்னால் இரண்டு பொருள்கள். அவள் எப்போதும் ஒன்றையே எடுப்பதைக் குழந்தை முதலில் பார்க்கிறது. அப்புறம் அந்தப் பொருள்கள் அவளுக்கு எட்டாமல் போகின்றன, எட்டுகிற இடத்தில் இன்னொருத்தி இருக்கிறாள். எட்டாதவள் 'கோபா' என்று அர்த்தமே இல்லாத ஒரு சொல்லைச் சொல்கிறாள். மற்றவள் சரியான பொருளை எடுத்தால் குழந்தை சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுகிறது. தவறானதை எடுத்தால், எதிர்பாராதது நடந்ததுபோல், கூடுதல் நேரம் பார்க்கிறது. சொல்லுக்குப் பதிலாக இருமினால் அந்த வித்தியாசம் இல்லை. 12 மாதக் குழந்தைகளிடம் 2012இல் இதைக் காட்டினார்கள். 2014இல் 6 மாதக் குழந்தைகளிடமே பேச்சைப் பற்றிய இந்தப் புரிதல் இருப்பதாக எழுதினார்கள்.

அதே 2014இல் அந்தக் குழு விரலுக்கு வந்தது. இந்த முறை 9 மாத, 11 மாதக் குழந்தைகள். ஒருத்தி விரல் நீட்டிக் காட்டியும் மற்றவள் வேறு பொருளை எடுத்தால் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். விரலை மடக்கி முஷ்டியை நீட்டியபோது அப்படி இல்லை. எனக்கு அந்த முஷ்டிதான் முக்கியமாகப் படுகிறது. கை நீள்வது இரண்டிலும் உண்டு. நீண்ட கையை மட்டும் குழந்தை கவனிக்கிறது என்றால் முஷ்டிக்கும் அதே பார்வை இருந்திருக்க வேண்டும். விரலால் காட்டினால் அடுத்தவருக்கு ஒரு சேதி போய்ச் சேருகிறது என்று அந்தக் குழந்தைகள் எதிர்பார்க்கிறார்கள்.

இதில் குழந்தைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை என்பதையும் கவனியுங்கள். நாம் நிலாவைக் காட்டினால் பிள்ளை பார்ப்பது வேறு. அங்கே நம் முகம் பிள்ளையைப் பார்க்கிறது, நம் குரல் பிள்ளையைக் கூப்பிடுகிறது. இங்கே யாரும் குழந்தையைக் கூப்பிடவில்லை. இரண்டு பேர் தங்களுக்குள் நடத்தும் விவகாரத்தை ஓரமாக இருந்து புரிந்துகொள்கிறது.

அதிக நேரம் பார்ப்பதை வைத்து மட்டும் எவ்வளவு சொல்ல முடியும் என்று கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்வி. அதற்கு ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வுகள் துணைக்கு வருகின்றன. டான்யா பேனே, மலிண்டா கார்ப்பென்டர், மைக்கேல் டோமசெல்லோ மூவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பொம்மையை ஒளித்துவைத்து விளையாடுகிறார்கள். சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு குழந்தையைப் பார்த்து விரல் காட்டினால் 14 மாதக் குழந்தை அந்த இடத்தில் போய்த் தேடுகிறது. கை வேறு ஏதோ நினைப்பில் அந்தப் பக்கம் நீண்டிருந்தால் அது குழந்தைக்குத் துப்பாவதில்லை. 2009இல் அதே நிறுவனத்தார் ஒரு பெரியவர் இன்னொரு பெரியவருக்குக் காட்டுவதைக் குழந்தைகளைப் பார்க்கவைத்தார்கள். தனக்குச் சொல்லாத அந்தச் சைகையை வைத்தே ஒரு வயதுக் குழந்தைகள் பொம்மையைக் கண்டுபிடித்தார்கள். இது வெறும் பார்வை இல்லை, எழுந்துபோய் எடுப்பது.

இதையெல்லாம் படித்த பிறகு வீட்டில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றினோம். முன்பெல்லாம் அம்மா வாயே திறக்காமல் எடுத்துக் கொடுப்பாள். இப்போது அப்பா காட்டியதும் "ரேடியோவா? இந்தாங்க, போட்டுவிடவா?" என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். அவர் தலையாட்டும்வரை நிற்கிறாள். அப்பாவுக்குப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் இதைத்தான் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார், சைகையைத் தடுக்க வேண்டாம், கூடவே சொல்லும் இருக்கட்டும் என்று. முகம் பார்ப்பதும் வீண் இல்லை. 2010இல் வந்த ஓர் ஆய்வில், இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசியதைவிட எதிரெதிரே பேசியபோது 6 மாதக் குழந்தைகளின் கண் பேச்சின் போக்கை அதிகம் தொடர்ந்தது.

எங்கள் வீட்டுப் பேச்சு பாப்பாவுக்குப் போதுமா என்றால், அது மட்டும் போதாது. அவளிடமே நேராகப் பேசவும் வேண்டும், நான் நாள் முழுக்கப் பேசுகிறேன். ஆனால் தாத்தாவும் பாட்டியும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளப் பாடுபடுவதை அவள் கண்ணிலிருந்து மறைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. சரியாகப் போய்ச் சேர்வது, தவறிப்போவது, மறுபடி காட்டுவது எல்லாம் அங்கே நடக்கிறது. மற்ற வீடுகளில் பெரியவர்கள் இவ்வளவு பொறுமையாக ஒருவர் கையை ஒருவர் பார்ப்பதில்லை.

போன வாரமும் பெரியம்மா வந்திருந்தார். பிள்ளையை உள்ளே தூக்கிப் போகச் சொன்னார். அம்மா விடவில்லை. "இங்கயே இருக்கட்டும்க்கா. அவரு கை காட்டுறத நான் பாக்காட்டியும் இவ பாத்துடுறா" என்றாள்.