வட்டக்கச்சியில் ஒரு பெக்கோவும் மூன்று பிள்ளைகளும்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஸ்ட்ரூட் என்ற ஊரில் ‘டிக்கர்லாண்ட்’ என்றொரு பூங்கா இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு தொடங்கிய இடம். மண் தோண்டும் இயந்திரங்களைச் சிறுவர்களே ஓட்டிப் பார்க்கலாம். லண்டனில் வளரும் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் அதில் தீராத பித்து. எனக்குத்தான் ஓர் உறுத்தல்: ஒரு பிள்ளை தோண்டிய பள்ளத்தை அடுத்த பிள்ளை மூடும், அதை இன்னொன்று மறுபடி தோண்டும். இவ்வளவு டீசல் எரிந்து மாலையில் பார்த்தால் மண் அங்கேயேதான் கிடக்கும்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு இலங்கையின் வடக்கே வன்னிக்கு வருகிறோம் என்றதும் என் தம்பி தொலைபேசியில் சொன்னான்: “அக்கா, ஞாயிற்றுக்கிழமை பெக்கோ சும்மாதான் நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாவுக்குத் தென்னங்குழி வெட்ட வேண்டும்.” அவன் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் வட்டக்கச்சியில் இருக்கிறான். பெக்கோவை, அதாவது மண் தோண்டும் இயந்திரத்தை, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதுதான் தொழில்.

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் போனோம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, காலை வெயில் ஏறுவதற்குள் தம்பியின் காணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மஞ்சள் நிற ஜேசிபி. முன்னால் மண் அள்ளும் அகலமான வாளி, பின்னால் தோண்டும் கை. இருக்கையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால்தான் தோண்டலாம் என்பதே மகனுக்குப் புதினமாக இருந்தது. இரண்டு ஊன்றுகால்களையும் நிலத்தில் ஊன்றிய பிறகுதான் தம்பி எவரையும் ஏறவிட்டான். கை சுழலும் எல்லைக்கு வெளியே கயிறு கட்டி, அதைத் தாண்டுகிறவருக்கு இன்று இயந்திரம் கிடையாது என்றான். என் கணவர் இரண்டு தடவை தாண்டினார். அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த வண்டியில் இரண்டு லீவர்கள்தான் எல்லாவற்றையும் செய்கின்றன. இடது லீவர் கையை உயர்த்தித் தாழ்த்தும், பக்கவாட்டில் திருப்பும். வலது லீவர் முன்கையை நீட்டி மடக்கும், வாளியைச் சுருட்டி விரிக்கும். அழுத்தத்தோடு குழாய்களில் ஓடும் எண்ணெய்தான் இத்தனை பாரத்தையும் தூக்குகிறது என்பதால், லீவரை அசைக்க விரல் பலம் போதும். மகன் ஒவ்வொரு லீவராக அசைத்தான். வாளியும் விட்டுவிட்டுத் துள்ளியது. “இரண்டையும் சேர்த்து அசைக்க வேண்டும் மருமகனே. கையை உயர்த்தும்போதே வாளியைச் சுருட்டு, இல்லாவிட்டால் அள்ளிய மண் கொட்டிவிடும்,” என்று பக்கத்தில் நின்றபடி தம்பி சொல்லிக்கொடுத்தான். இயந்திரத்தை நிறுத்தும் திறப்புக்கு (சாவிக்கு)ப் பக்கத்திலிருந்து அவன் கை விலகவே இல்லை.

வன்னியின் செம்மண்ணை மழைக்காலத்தில் மட்டும் பார்த்தவர்கள் ஆகஸ்டில் வந்து பார்க்க வேண்டும். வெயிலில் காய்ந்து அப்படி இறுகிப் போயிருந்தது. வாளியின் பற்கள் முதலில் சறுக்கிக்கொண்டுதான் போயின. மகன் சலித்துக்கொண்டான். பூங்கா மணல் இப்படி அவனை எதிர்த்ததில்லை. பிறகு ஒரு பல் பிடித்து, நிலம் பாளமாகப் பெயர்ந்தபோது அவன் போட்ட கூச்சலுக்கு வேலியில் இருந்த மயில்கள் பறந்தன. மகள் அடுத்த குழியை வெட்டினாள். பொறுமைசாலி, சுவர்கூட நேராக வந்தது. ஆனால் மூவரிலும் கெட்டிக்காரி தம்பியின் மகள்தான். ஒன்பது வயது. இறங்குவதற்கு முன் வாளியை நிலத்தில் வைக்க வேண்டும் என்று லண்டன் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள்.

தென்னங்குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் இருந்தால் போதும். எங்கள் குழிகளைக் குனிந்து பார்த்த அம்மா, “தென்னம்பிள்ளை நடக் கேட்டேன், கிணறு வெட்டித் தந்திருக்கிறீர்கள்,” என்றார். ஆனாலும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, தேங்காய்ப் பொச்சை உட்புறம் மேலே பார்க்கும்படி அடியில் அடுக்கச் சொன்னார். பொச்சு நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வரட்சியில் கன்றுக்கு அதுதான் தண்ணீர். நடுவது ஐப்பசி மழைக்கு.

சாப்பாட்டுக்குப் பிறகு இரணைமடுக் குளக்கட்டில் ஏறினோம். கனகராயன் ஆற்றை மறித்து, 1902 இல் வேலை தொடங்கிய குளம் இது. வட மாகாணத்தில் இதைவிடப் பெரிய குளம் கிடையாது. “இதை எத்தனை பெக்கோ கட்டியது மாமா?” என்று மகன் கேட்டான். ஜேசிபி நிறுவனமே 1945 இல்தான் பிறந்தது, பின்கை வைத்த வண்டி 1953 இல் வந்தது என்று கணக்குச் சொன்னேன். காலையில் ஒரு குழிக்குப் பட்ட பாடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கட்டின் நீளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

அன்று நாங்கள் பார்த்த இன்னொரு இயந்திரம் ஆனையிறவில் நிற்கிறது. 1991 ஜூலைச் சண்டையில் விடுதலைப் புலிகள் இரும்புக் கவசம் பூட்டி ஓட்டிவந்த புல்டோசர். அதைத் தடுத்து உயிரிழந்த இராணுவச் சிப்பாய் காமினி குலரத்னவின் நினைவிடமாக அந்த இடத்தை அமைத்திருக்கிறார்கள். மகன் வழக்கம்போல, “இதில் ஏறலாமா?” என்றான். கூடாது என்றேன். “யார் ஓட்டினது?” என்றாள் மகள். தம்பி உப்பளப் பக்கம் திரும்பிக்கொண்டு, “எங்கள் வயதுப் பையன்கள்,” என்றான். அதற்கு மேல் பிள்ளைகளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இப்படியொரு நாளுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு: கொழும்பிலிருந்து யாழ்தேவியில் வந்து கிளிநொச்சியில் இறங்கலாம். தெரிந்தவர் வண்டியாக இருந்தால் மட்டும் கேளுங்கள். ஓட்டுநர் கூடவே நிற்க வேண்டும், தொப்பியும் தண்ணீரும் வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் வந்துவிடுங்கள். மழை தொடங்கினால் பெக்கோ சேற்றில் புதையும், பிறகு அதை இழுக்க இன்னொரு பெக்கோவுக்கு வாடகை கொடுக்க வேண்டும்.