தழும்பு, கட்டில், பேரி மரம்

கதை விவாதத்தில் ‘இவன்தான் அவன் என்று தெரியவரும் இடம்’ என ஒரு சீன் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியதும், அந்த இடத்தின் வேலை முடிந்ததாகவே எல்லாரும் நினைத்துவிடுகிறோம். மச்சமோ, பாதி உடைந்த டாலரோ, சின்ன வயதில் பாடிய பாட்டோ வந்து காட்டிக்கொடுக்கும். பிரிந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். சொல்லக் கேட்கும்போது தொண்டை அடைக்கும். எடுத்துப் பார்த்தால் சப்பென்றிருக்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள பழைய கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தைப் போல நல்ல பட்டறை வேறில்லை.

பலர் மனதில் ஒடிசி ஒரு கடற்பயணக் கதை. ஒற்றைக்கண் அரக்கன், பாடி மயக்கும் சைரன்கள், ஆட்களைப் பன்றியாக்கும் கிர்கே, இவையெல்லாம் மொத்தம் 24 படலங்களில் 9 முதல் 12 வரைதான் வருகின்றன. அதுவும் போருக்குப் போய் ஊர் திரும்பும் நாயகன் ஒடிசியஸ் விருந்தில் உட்கார்ந்து சொல்லும் பழங்கதையாக. 13ஆம் படலத்தில் ஆள் இத்தாக்காவில் கரை இறங்கிவிடுகிறான். அதற்கப்புறம் பிச்சைக்கார வேடத்தில் சொந்த ஊர், சொந்த வீடு. புராண ஆய்வாளர் ஜோசப் கேம்பல் 1949இல் வகுத்த நாயகப் பயணத்தின், அதாவது நாயகன் புறப்பட்டுப் போய்த் திரும்பும் பொதுக் கதைவடிவத்தின், 17 கட்டங்களை வரிசையாக நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். திரும்பி வருவது அதில் கடைசிப் பகுதி என்பதால், கடைசிப் பத்துப் பக்கத்தில் அதை ஒப்பேற்றிவிடுகிறார்கள். ஹோமர் பாதிக் காவியத்தை அதற்குக் கொடுத்திருக்கிறார்.

அந்தப் பாதியில் அடையாளம் தெரிகிற இடங்களைப் பாருங்கள். மகனிடம் அவனே சொல்கிறான். 20 வருடம் காத்திருந்த நாய் ஆர்கோஸ், குப்பைமேட்டில் கிடந்தபடி வாலை ஆட்டிக் காதைத் தாழ்த்துகிறது. கிட்டே போனால் வேடம் கலைந்துவிடும் என்பதால் அவன் கண்ணை மறைவாகத் துடைத்துக்கொண்டு நகர்கிறான், நாய் செத்துப்போகிறது. அப்புறம் செவிலி, மேய்ப்பர்கள், அவன் மனைவியை மணக்கக் காத்திருக்கும் பகைவர்கள், மனைவி, கடைசியில் அப்பா. ஒவ்வொரு இடத்திலும் தெரிந்துகொள்ளும் விதம் வேறு, அதற்குக் கொடுக்கும் விலையும் வேறு.

செவிலி யூரிக்ளியாவின் இடத்தை மட்டும் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். காலைக் கழுவ இளம் பணிப்பெண்கள் வேண்டாம், வயதான ஒருத்தி போதும் என்று கேட்டவன் ஒடிசியஸ்தான். வருகிறவளோ அவனை வளர்த்தவள். ‘எங்கள் எஜமானின் சாயல் உன்னிடம் இருக்கிறதே’ என்று அவள் சொல்லிவிட, காலில் இருக்கும் தழும்பின் ஞாபகம் வந்து அவன் சட்டென்று இருட்டுப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். அவள் கை காலில் படுகிறது. கண்ணால் பார்ப்பதற்கு முன் விரல் கண்டுகொள்கிறது. அந்த நொடியில் ஹோமர் எழுபதுக்கு மேற்பட்ட வரிகளில் காட்டுப்பன்றி குத்திய பழைய வேட்டையைச் சொல்கிறார். கதை திரும்பி வரும்போது கால் அவள் கையிலிருந்து நழுவி வெண்கலப் பாத்திரத்தில் விழுகிறது. பாத்திரம் சாய்ந்து தண்ணீர் தரையில் ஓடுகிறது. கட்டிப்பிடித்து அழவில்லை, வாயைத் திறக்காதே என்று வளர்த்தவளின் தொண்டையைப் பிடிக்கிறான்.

அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் அடையாளங்காண்பதை வகை பிரிக்கும்போது இதே தழும்பைத்தான் எடுத்துக்கொள்கிறார். மேய்ப்பர்களிடம் அவனே தழும்பைக் காட்டி நிரூபிப்பது மட்டமான வகை. கால் கழுவும்போது தானாக வெளிப்படுவது அதைவிட மேல். நிகழ்ச்சிகளின் போக்கிலேயே விளைவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்கிறார். அதற்கு அவர் காட்டுவது, தெரியாமலே அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த ஈடிபஸின் கதை. அதில் கொரிந்திலிருந்து வரும் தூதன் ஈடிபஸின் பயத்தைப் போக்கத்தான் வாயைத் திறக்கிறான். அந்தப் பேச்சே குட்டை உடைக்கிறது.

நம் அட்டைகளில் பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். அடையாளப் பொருள் யாருடைய செயலாலும் வெளிவராமல், எழுத்தாளருக்குத் தேவைப்பட்டதால் வெளிவருகிறது. தெரிந்த பிறகு யாருக்கும் ஆபத்தோ இழப்போ இல்லாமல் போகிறது. மகாபாரதத்தில் அரங்கேற்றத்தின்போது கவச குண்டலத்தோடு நிற்கும் கர்ணனைக் குந்தி கண்டுகொள்கிறாள். சொல்ல முடியாமல் மயங்கி விழுகிறாள். அடையாளம் தெரிந்தது, வாய் திறக்க வழியில்லை. அட்டையின் பின்பக்கத்தில் ‘தெரிந்ததால் இவருக்கு என்ன சங்கடம்’ என்று ஒரு வரி எழுதும் பழக்கம் இருந்தால் பாதிப் பிசகு அங்கேயே பிடிபடும்.

மனைவி பெனலப்பிக்குத் தழும்பு போதவில்லை. செவிலி வந்து சொல்லியும் அவள் நம்பவில்லை. கட்டிலை அறைக்கு வெளியே கொண்டுவந்து போடச் சொல்கிறாள். அவனுக்குக் கோபம் பொங்குகிறது: வேரோடு நின்ற ஆலிவ் மரத்தைச் சுற்றி அறை கட்டி, அந்த மரத்தையே கட்டில்காலாகச் செதுக்கியவன் அவன், அதை யார் நகர்த்தினார்கள்? கணவன் மனைவியும் ஒரே ஒரு பணிப்பெண்ணும் மட்டும் அறிந்த விஷயம் அது. சோதிக்க வந்தவனை அவள் சோதித்துவிட்டாள்.

அப்பா லேர்டீசும் அடையாளம் கேட்கிறார். தழும்பைக் காட்டியபின் ஒடிசியஸ் தோட்டத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குகிறான். சின்ன வயதில் பின்னாலேயே ஓடிவந்து ஒவ்வொரு மரத்தின் பேரையும் கேட்டபோது அப்பா தந்தவை: பேரி 13, ஆப்பிள் 10, அத்தி 40. தருவதாகச் சொன்னது திராட்சை 50 வரிசை. கிழவருக்கு முழங்கால் துவண்டுவிடுகிறது.