யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?

கடலூருக்குச் சும்மா சுற்றிப் பார்க்க வந்தோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்யாணத்துக்கு வரலாம். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வரலாம். கேப்பர் மலை ஜெயிலில் இருப்பவரைப் பார்க்க வரலாம். நாலு பேர் முதுகில் பெரிய பைகளை மாட்டிக்கொண்டு, யார் வீட்டுக்கும் போகாமல், தேவனாம்பட்டினத்துக்கு நடந்தே போகிறோம் என்று நின்றால் ஊருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. "யார் வீட்டுக்குத் தம்பி வந்திருக்கீங்க?" என்ற கேள்வியை டீக்கடை, பஸ், லாட்ஜ், மீன்பிடித் துறைமுகம் என்று போன இடமெல்லாம் எங்களிடம் கேட்டார்கள்.

பாண்டிச்சேரியில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பையோடு வருகிறவர்களுக்கென்றே விடுதிகள், வாடகை ஸ்கூட்டர்கள், மெனு கார்டில் பாஸ்தா எல்லாம் உண்டு. மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நாங்களும் நின்றோம், எடுத்தோம். மறுநாளும் அதையே செய்ய எங்களில் யாருக்கும் பொறுமை இல்லை. தெற்கே இருபத்திச் சொச்சம் கிலோமீட்டரில் கடலூர். சென்னையிலிருந்து சிதம்பரம், நாகப்பட்டினம் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிற ஊர். சரி, இறங்கித்தான் பார்ப்போமே என்று கிளம்பினோம்.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி கன்னியக்கோயில் வந்தால் சாலையோரம் வரிசையாக மதுக்கடைகள். புதுச்சேரி எல்லை அத்தோடு முடிகிறது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம். பெண்ணையாற்றுப் பாலம் வந்ததும் ஆல்பேட்டை சோதனைச் சாவடி. பஸ்ஸில் ஏறிய போலீஸ்காரர் கண்ணுக்கு எங்கள் பைகளைவிடப் பொருத்தமான பை அன்றைக்கு அகப்பட்டிருக்காது. நாலு பையையும் திறக்கச் சொன்னார். ஈரத் துண்டு, பிஸ்கட், பவர் பேங்க், அப்புறம் சுருட்டி வைத்த ஸ்லீப்பிங் பேக். அதைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். உள்ளே பாட்டில் இல்லை என்று தெரிந்ததும், "படுக்கையைக்கூடவா தூக்கிட்டு வருவீங்க?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் கூட்டத்தில் சரித்திரப் பைத்தியம் ஒருவன் உண்டு, விழுப்புரத்துக்காரன். "இந்த வழியில பாரதியையே நிறுத்தியிருக்காங்க, நம்மள விடுவாங்களா?" என்று ஆரம்பித்துவிட்டான். அவன் சொன்னது சரிதான். 1908-இல் புதுச்சேரிக்குப் போய்ப் பத்து வருடம் பிரெஞ்சு எல்லைக்குள்ளேயே இருந்த பாரதியார், 1918 நவம்பரில் எல்லை தாண்டிய உடனே பிடிபட்டு, கடலூர்ச் சிறையில்தான் சில வாரங்கள் இருந்தார்.

லாட்ஜில் அறை கிடைப்பது இவ்வளவு கஷ்டம் என்று எதிர்பார்க்கவில்லை. திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி லாட்ஜுகளுக்குக் குறைவில்லை. ஆனால் முதல் இடத்தில் "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்றார்கள். அடுத்த இடத்திலும் அதேதான். பக்கத்தில் திருவந்திபுரம் இருக்கிறது. தேவநாத சுவாமி கோயில். அங்கே முகூர்த்த நாளில் நடக்கும் கல்யாணங்களுக்குக் கணக்கே இல்லை. ஒரு ஜோடி மாலை மாற்றி இறங்குவதற்குள் அடுத்த ஜோடி படியேறிக்கொண்டிருக்கும். உறவுக்காரர்கள் தங்குவது எல்லாம் கடலூரில்தான். கடைசியில் ஒரு பழைய லாட்ஜில், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் பாடலீஸ்வரர் கோயில் கோபுரம் தெரிந்தது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாடிக்கொண்டே குளிப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

மாலையில் தேவனாம்பட்டினம். சில்வர் பீச் என்று போர்டு இருக்கிறது. பெரியார் கலைக் கல்லூரியைத் தாண்டிப் போனால் அகலமான மணல், சுண்டல், பஜ்ஜி, பட்டம் விடும் பிள்ளைகள், துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைக்கும் பெண்கள். உள்ளூர்க் குடும்பங்கள் கூடும் கடற்கரை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் குப்பத்தைப் புரட்டிப் போட்டது. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் இங்கே கடலில் பால் ஊற்றி அஞ்சலி செய்கிறார்கள். சுண்டல் விற்ற அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தோம், கேட்கவில்லை. அவரே எங்களிடம் கேட்டார், யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று.

கடற்கரைக்கு வந்தவர்களில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, புனித டேவிட் கோட்டை. கோட்டை என்று நினைத்துப் போகாதீர்கள். இடிந்த செங்கல் சுவர், அதைப் பிடித்து வளர்ந்த மரவேர், முள்செடி, ஆடு. அவ்வளவே மிச்சம். ஆனால் இதன் கதை கேட்டால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பீர்கள். 1690-இல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து இந்தக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயருக்குரியவர். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்ற கேள்விக்கு ஒப்பந்தத்தில் சொன்ன அளவு, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம். கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? நீளமாகச் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து வரவழைத்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த தூரம் வரை அவர்களுடையது. அந்த எல்லைக்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது.

"அப்போ சர்வேயர் வேலையை பீரங்கி பார்த்திருக்கு" என்றான் கோயம்புத்தூர் நண்பன். இவனுடைய அப்பா வருவாய்த் துறையில் இருந்தவர்.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தபோது, கம்பெனியின் தலைமையிடம் இங்கே வந்து 1752 வரை இருந்தது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி வந்த ராபர்ட் கிளைவ் என்கிற குமாஸ்தா பையன் பட்டாளத்தில் சேர்ந்ததும் இங்கேதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைத் தகர்த்துவிட்டுப் போனார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் தெருவைப் பார்க்க அவ்வளவு கூட்டம் வருகிறது. அதே பிரெஞ்சுக்காரர்கள் இடித்துத் தள்ளிய கோட்டையைப் பார்க்க நாங்களும் அந்த ஆடுகளும் மட்டும் வந்திருந்தோம்.

மறுநாள் விடியும் முன்பே முதுநகர் கிளம்பினோம். பஸ்ஸில் முதுநகர் என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். ஓ.டி. என்றால் உடனே டிக்கெட் வரும். ஓல்டு டவுன். உப்பனாற்றுக் கரையில் துறைமுகம். ஒரு காலத்தில் கப்பல்கள் தள்ளிக் கடலில் நிற்க, சரக்கு தோணியில் ஏறிக் கரைக்கு வந்த துறைமுகம். இப்போது மீன்தான் அதன் மூச்சு.

இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் அந்தக் காலையைத்தான் வைத்துக்கொள்வேன். படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. கூடைகள் கைமாறி வருகின்றன. தரையில் கொட்டியதும் பெண்கள் குனிந்து, பெரியது சிறியது என்று கண்மூடித் திறப்பதற்குள் கூறு போட்டுவிடுகிறார்கள். சங்கரா ஒரு பக்கம், கவளை ஒரு பக்கம், நெத்திலி வெள்ளிக் குவியலாக. ஒருவர் ஏலம் விடுகிறார். "முந்நூறு, முந்நூத்திப் பத்து, முந்நூத்திருபது..." யார் கேட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. வாய் திறந்து கேட்டவர் யாரும் இல்லை. ரொம்ப நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. எதிரே நின்ற அம்மா தாடையை இலேசாகத் தூக்குகிறார், பத்து ரூபாய் ஏறுகிறது. அந்தப் பக்கம் இன்னொருவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கண்ணைச் சிமிட்டுகிறார், இன்னொரு பத்து. முடிந்ததும் அன்னக்கூடையில் மீன், மேலே இரண்டு கை ஐஸ், தலையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போய்விடுகிறார்கள்.

கடலே அதிகம் பார்த்திராத கோயம்புத்தூர்க்காரனுக்கு மீன் வாங்கியே ஆக வேண்டும். ஏலத்தில் நின்று தாடையைத் தூக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. சில்லறையாக விற்ற ஓர் அக்காவிடம் போனான். அவர் சங்கராவின் செவுளைக் கட்டைவிரலால் நெம்பித் திறந்து காட்டினார். உள்ளே ரத்தச் சிவப்பு. "இது வெளுத்திருந்தா வாங்காதே. கண்ணு குழி விழுந்திருந்தா வாங்காதே. என்கிட்டயே வாங்கினாலும் பார்த்துத்தான் வாங்கணும்" என்றார். லாட்ஜில் சமைக்க முடியாதே என்றதும், பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்தும் தங்கச்சியிடம் அவரே அனுப்பி வைத்தார். அங்கே புளி தூக்கலான குழம்பும், மிளகாய் தடவிப் பொரித்த மீனும், கேட்காமலே ஒரு கரண்டி சுறாப் புட்டும் வந்தன. மீன் எங்களுடையது என்பதால் சோற்றுக்கும் சமைத்த கூலிக்கும் மட்டும் காசு. அந்த விலையில் பாண்டிச்சேரியில் ஒரு காபியைத்தான் குடித்திருந்தோம்.

மெஸ் அம்மாதான் சுதந்திரப் போராட்ட வீரர் அஞ்சலை அம்மாள் பேச்சை எடுத்தார். 1890-இல் இதே முதுநகரில் பிறந்தவர். 1927-இல் சென்னையில் நீல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் சிலையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சிறைக்குப் போனவர். "எங்க ஊர்க்காரம்மா" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு மீனை இலையில் வைத்தார். விழுப்புரத்துக்காரன் அந்த ஒரு வேளை மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்டான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நாள்காட்டியில் முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பாருங்கள். இல்லையென்றால் தண்ணீர்த் தொட்டி அறைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஓ.டி. காலைக்காகவே போகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் பலாப்பழம் பிடித்தவர்கள் மே, ஜூனில்தான் போக வேண்டும், பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறது. ரயிலில் போனால் ஊருக்குள் இரண்டு நிலையங்கள். லாட்ஜுக்கும் கோயிலுக்கும் திருப்பாதிரிப்புலியூர் (பேச்சில் திருப்பாப்புலியூர்), மீனுக்குக் கடலூர் துறைமுகம் சந்திப்பு. பையில் ஸ்லீப்பிங் பேக் இருந்தால் மேலாக வையுங்கள், ஆல்பேட்டையில் திறந்து காட்ட வசதி.