ஆத்தாவின் 'மரகதம்'

ஆத்தா கொடுத்த மோதிரத்தில் இருப்பது மரகதம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். போன மாதம் அதைக் கொஞ்சம் பெரிதாக்க ரங்கூன் போஜோ மார்க்கெட்டுக்கு (ஆத்தாவுக்கு இன்னும் அது ஸ்காட் மார்க்கெட்தான்) எடுத்துப் போனேன். கடைக்காரர் லென்ஸை என்னிடமே நீட்டி, "உள்ளே பாரும்மா" என்றார். கல்லின் அடிப்பட்டைகளின் விளிம்பெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. அப்படித் தெரிந்தால் அது மரகதம் இல்லையாம், பெரிடாட் என்ற வேறொரு பச்சைக்கல்! பர்மாவிலேயே ரத்தினச் சுரங்கங்கள் உள்ள மோகோக் ஊர்க் கல்லாக இருக்கும் என்றார். மஞ்சள் கலந்த அந்தப் பச்சை இரும்பால் வருவதாம்.

முதலில் ஏமாற்றம்தான். அப்புறம் வெயிலில் பிடித்துப் பார்த்தேன், வாழைக்குருத்து மாதிரி மினுங்கியது.

கல்லைக் கழற்றாமல் பற்றவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முன்பு ஒரு கடையில் என் தோட்டுக்கல் நெருப்புப் பட்டு விரிசல் விட்டது, இன்னும் வயிறு எரிகிறது. பெரிடாட்டின் கடினம், வைரத்துக்கு 10 என்று வைக்கும் மோஸ் அளவில், 6.5 முதல் 7 வரைதான். தெருத்தூசியே கீறிவிடும். அமிலமும் ஆகாது. மீன் கழுவி எலுமிச்சை பிழியும்போது கழற்றிவிடுகிறேன். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெல்லிய பிரஷ் போதும்.

ஆத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.