பத்துக்கு 1.3

எங்க காலேஜ்ல இன்டர்நேஷனல் ஆபீஸ்னு ஒரு ரூம். மூணு பேர், அடிக்கடி மக்கர் பண்ற ஒரு பிரின்டர். ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் போனப்பதான் அவங்க அருமை தெரிஞ்சுது.

அங்கே வின்டர் செமஸ்டர் தொடங்குறதே அக்டோபர்ல. இங்கே நவம்பர்ல பரீட்சை! இதைச் சரிக்கட்ட அந்த ஆபீஸ் மேடம் எத்தனை தடவை மாடி ஏறி இறங்கினாங்களோ.

விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட், அதாவது செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கிற கணக்கு; மாசம் 992 யூரோ வீதம். அப்பா முகம் இருண்டுடுச்சு. ஆபீஸ் அண்ணன்தான், "சார், இது ஃபீஸ் இல்ல, தம்பியோட சாப்பாட்டுக் காசு. மாசாமாசம் அவன் கைக்கே வந்துடும்"னு உட்கார வெச்சு தண்ணி கொடுத்தார்.

திரும்பி வந்து மார்க்‌ஷீட்டை நீட்டினா எக்ஸாம் செக்‌ஷன்ல, "என்னப்பா, பத்துக்கு 1.3 தானா?"

அங்கே 1.0 தான் உச்சம், 5.0 ஃபெயில். (நான் சொன்னா யார் நம்புறா?) மேடம் வந்து, ஜெர்மன் மார்க்கையும் நம்ம மார்க்கையும் ஒப்பிடுற பவேரியன் ஃபார்முலாவை ஒரு பழைய கவர் பின்னாடி போட்டுக் காட்டினாங்க: நம்ம காலேஜ்ல பாஸ் 5, உச்சம் 10னா, அங்கத்த 1.3க்கு இங்கே 9.5.

நேத்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கப் போனேன். அந்தக் கவரை லேமினேட் பண்ணி கவுன்ட்டர்ல ஒட்டியிருக்காங்க. பிரின்டர் மட்டும் அதேதான்.