மூன்றாம் ஆண்டு ஆய்வேடு: வகுப்புக் குறிப்புகள்

ஜனவரி 6

ஆறாம் பருவம் தொடங்கிவிட்டது. பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் தலைப்பு எழுதிக் கொடுத்தார்கள். ‘தஞ்சைப் பெரிய கோயில் – ஓர் ஆய்வு’, ‘சோழர் கால நிர்வாகம் – ஓர் ஆய்வு’, ‘கஜா புயல் – ஓர் ஆய்வு’. துறை அலமாரியில் இதே தலைப்புகள் வருஷாவருஷம் சேர்ந்துகொண்டே போகின்றன. எதையும் வேண்டாம் என்று நான் தள்ளவில்லை. இதில் உனக்குத் தெரியாதது எது, அதைத் தெரிந்துகொள்ள எங்கே போய்த் தேடுவாய் என்று மட்டும் ஒவ்வொருவரையும் கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித்தான் இவர்களுக்குப் பழக்கம். சொந்தமாக ஒரு கேள்வி கேள் என்றால் திகைக்கத்தான் செய்வார்கள். அந்தத் திகைப்புக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஜனவரி 8

பெரிய கோயில் எடுத்த பெண்ணுக்குத் திருவாரூர். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில், ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டைப் பிரித்துக் கொடுத்தேன். கோயில் பணிக்கென்று அதை ஒட்டிய தெருக்களில் குடிவைக்கப்பட்ட ஆடல் மகளிர், அதாவது தளிச்சேரிப் பெண்டுகள், 400 பேரின் பட்டியல். தெற்குத் தளிச்சேரி தென்சிறகில், அதாவது தெற்கு வரிசையில், தலைவீடு யாருக்கு, இரண்டாம் வீடு யாருக்கு, அவர் எந்த ஊர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று வரிசையாகப் போகிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல்.

விரலை வைத்து வாசித்துக்கொண்டே வந்தாள். “மேடம், திருவாரூர்னு வருது.” கொஞ்ச நேரம் கழித்து, “மறுபடியும் வருது.” அப்புறம் பழையாறை வந்தது, திரும்பவும் திருவாரூர். நிமிர்ந்து பார்த்து, “எங்க ஊர்லேர்ந்து இத்தனை பேரை ஏன் மேடம் கூட்டிக்கிட்டுப் போனாங்க?” என்றாள். அதை அப்படியே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னேன். ஏன் என்பதற்குக் கல்வெட்டு நேராகப் பதில் சொல்லாது. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று அட்டவணை போடலாம், அந்த ஊர்க் கோயில்களைப் பற்றிப் படிக்கலாம். ஒரு பருவத்துக்கு அது போதும்.

பிப்ரவரி 3

கஜா புயல் எடுத்த பேராவூரணிப் பையன் பொங்கல் விடுமுறையில் எடுத்த பேட்டியை இயலாக எழுதிக்கொண்டு வந்தான். “புயலால் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்” என்று ஆரம்பம். யாரைக் கேட்டாய் என்றேன். அவன் அப்பாயியைத்தான். போனில் இருந்த பதிவைப் போடச் சொல்லி இருவரும் கேட்டோம்.

“தீபாவளி முடிஞ்சு பத்தாம் நாளு. விழுந்த மரத்தைச் சும்மா எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னோம், ஒருத்தனும் வரலை. வெட்டி அப்புறப்படுத்தவே கடன் வாங்குனோம்.”

இதில் ஒரு வரிகூட இயலில் இல்லை. ஏன்ப்பா என்றால், “அது பேச்சுத் தமிழ் மேடம், ஆய்வேட்டுல வரலாமா?” என்கிறான். தாராளமாக வரலாம். மேற்கோள் குறிக்குள், சொன்னவர் வயது, ஊர், பேட்டி எடுத்த தேதியோடு, அவர் சம்மதத்தோடு வர வேண்டும். நாளையும் சரிபார்த்தோம். 2018இல் தீபாவளி நவம்பர் 6, புயல் கரை கடந்தது நவம்பர் 16 அதிகாலை. கிழவியின் கணக்கு பிசகவில்லை. அதையும் எழுது என்றேன். நினைவை இப்படி ஒரு தேதியோடு ஒட்டிப் பார்ப்பதுதான் வாய்மொழி வரலாற்றில் முக்கியமான வேலை. அடுத்து, அந்த வாரத்து நாளிதழ்களைப் புரட்ட வேண்டும். அதே தெருவில் தோப்பு இல்லாமல் கூலி வேலைக்குப் போன இன்னொரு வீட்டையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். தோப்புக்காரர் இழந்ததும் கூலிக்காரர் இழந்ததும் ஒன்றில்லை.

மார்ச் 5

சோழர் நிர்வாகம் எடுத்த மூவரின் இரண்டாம் இயலும் ஒரே மாதிரி, எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில். இணையத்திலிருந்து எடுத்தது. திட்டவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படித்ததை அடுத்த பெஞ்சுக்காரருக்கு வாயால் சொல்லச் சொன்னேன். பிறகு சொன்னதை எழுதி, எந்த நூல், எந்தப் பக்கம் என்று அடிக்குறிப்பு போடச் சொன்னேன். பாதிப் பக்கம்தான் தேறியது. ஆனால் அந்தப் பாதி அவர்களுடையது.

இத்தனை பக்கம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனைதான் இவர்களை இப்படிக் காப்பியடிக்க வைக்கிறது. இருபது பக்கம் போதும் என்று துறைக் கூட்டத்தில் மறுபடியும் பேசப்போகிறேன்.

மார்ச் 27

திருவாரூர்ப் பெண்ணின் முடிவுரை வந்தது. “இதனால் சோழர் காலத்தில் பெண்கள் உயர்ந்த நிலையில் இருந்தனர் என்பது புலனாகிறது.” பட்டியலில் அதைக் காட்டு என்றேன். வீடு இருக்கிறது, நெல் இருக்கிறது என்றாள். விரும்பி வந்தார்களா என்று இருக்கிறதா? இல்லை. அரை மணி நேரம் விடாமல் வாதாடினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கடைசியில் அவளே அடித்துவிட்டு, “அவர்களுக்கு வீடும் நெல்லும் ஒதுக்கப்பட்டன, அவர்கள் விருப்பம் குறித்துக் கல்வெட்டில் செய்தி இல்லை” என்று எழுதினாள்.

நாளை பைண்டிங்குக்குப் போகிறது. ஏப்ரலில் வைவா, வாய்மொழித் தேர்வு. பைண்டிங்குக்குக் கொடுப்பதற்குள் ஊர்வாரி அட்டவணையை மூலத்தோடு ஒருமுறை வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும். பேராவூரணிப் பையன் கூட இருந்து வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான்.