கச்சான் காற்றுக் காலம்

ஜூன் 2, திங்கள்

அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் திகதிகளில் பயிற்சி. மாதக் கடைசியில் இன்னும் ஓர் அரைநாள். சட்டப் பகுதியை நன்னடத்தை உத்தியோகத்தர் எடுப்பார், எனக்கு நடிப்பு. தலைப்பு வழக்கம்போல மூச்சு வாங்க வைக்கிறது: இளையோருடன் பாதுகாப்பாகவும் பயனுறுதியுடனும் பழகுவதற்குப் பொலிஸ் உத்தியோகத்தர்களைப் பயிற்றுவித்தல். யாருடைய பாதுகாப்பு என்று கடிதத்தில் இல்லை.

பெயர்ப் பட்டியலும் இணைத்திருக்கிறார்கள். பெயர், பதவி, நிலையம். மூன்றாவது நிரலை இன்னும் பார்க்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

தம்பியின் மகன் சின்னவன் இன்றும் சந்தியால் வரவில்லை. ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றிப் பழைய பாலத்தால் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இந்த வெயிலில் ஏன் சுற்றுகிறாய் என்றால், "அந்தப் பக்கம் காற்று நல்லது மாமி" என்கிறான். கச்சான் அனலாக வீசும் மாதத்தில் காற்று நல்லதாம்.

ஜூன் 5, வியாழன்

தூக்கம் இல்லை. பயிற்சிக்காகச் சேர்த்து வைத்ததை எல்லாம் படித்துக்கொண்டிருந்தேன்.

மூளையின் முன்பகுதி, அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிற பகுதி, இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. கட்டிளமைப் பருவம் பற்றிய எல்லாப் பயிற்சியிலும் இதற்கு ஒரு வண்ணப்படம் உண்டு. எல்லோரும் தலையாட்டுவார்கள், தேநீர் வந்ததும் மறந்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது 2005இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு, அவ்வளவுதான். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்ம வயதினர் மிக அதிகமாகத் துணிந்து ஓட்டினார்கள். வளர்ந்தவர்களுக்கோ யார் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான். அப்படியென்றால் மூன்று பையன்கள் நிற்கும் இடத்தில் ஒருவனை ஏசினால், அவன் பதில் சொல்வது பொலிஸுக்கு அல்ல, பக்கத்தில் நிற்கும் இருவருக்கு. தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினால் பாதிச் சண்டை இல்லை. இதற்கு வண்ணப்படம் தேவையில்லை.

பிறகு, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு. வட கரோலினா, பதின்மூன்று வயதுப் பையன். வீடுகளில் களவு போனதாகச் சந்தேகம். வகுப்பிலிருந்து எழுப்பி, ஓர் அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு பொலிஸாரும் பாடசாலை நிர்வாகத்தினரும் கேள்வி கேட்டார்கள். அவனுக்குப் பாதுகாவலராக இருந்தவர் பாட்டி. அவருக்கு யாரும் அறிவிக்கவில்லை. தான் காவலில் இருப்பதாக ஒரு பிள்ளை நினைத்திருப்பானா என்று பார்க்கும்போது அவனுடைய வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஒன்பது நீதியரசர்களில் ஐந்து பேர் சொன்னார்கள். நான்கு பேர் மாட்டோம் என்றார்கள்.

பாட்டிக்கு யாரும் அறிவிக்கவில்லை. தம்பிக்கும்தான் யாரும் அறிவிக்கவில்லை. கடைக்காரர் ஆள் அனுப்பியிராவிட்டால் விடியும் வரை தெரிந்திருக்காது. சின்னவன் பின்னேரம் ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை பொலிஸ் நிலையத்தின் அந்த வாங்கில். மோட்டார் சைக்கிள் அவனுடையது அல்ல, ஓட்டியவனும் அவன் அல்ல. ஓடினான், அதுதான் குற்றம்.

ஜூன் 7, சனி

ஹஜ் பெருநாள். காத்தான்குடியிலிருந்து வட்டிலப்பம் வந்தது. சின்னவன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டான். நல்ல நாள்.

ஜூன் 10, செவ்வாய்

போயா விடுமுறை. கண்ணகி அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு; ஊரே அங்கேதான். சின்னவன் வரமாட்டேன் என்றான். வீதியில் நிற்கப்போகும் காக்கிச் சட்டைகளை நினைத்திருப்பான். தம்பி கத்தினான், மச்சாள் அழுதாள். போன வருடம் இதே பையன் விடிய விடியக் கோயிலடியில் நின்றவன்.

நான் வியாழக்கிழமை அந்தச் சட்டைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். தம்பி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன், இரவு

சீருடையில் வரும்படி சொல்லியிருந்தேன். வந்தார்கள். மண்டபம் முழுதும் சப்பாத்துச் சத்தம்.

கூத்தில் வரவு ஆட்டம் முடிவதற்குள் வந்தவன் யார், என்ன குணம் என்று சபைக்குத் தெரிந்துவிடும். வடமோடிக் கூத்தில் அரசன் மிதிக்கிற மிதியைச் சேவகன் மிதிக்க மாட்டான். களரியில் அப்பா சொல்லித் தந்ததை அப்படியே இங்கே வைத்தேன். பேச வேண்டாம், வந்து நில்லுங்கள், போதும். என் மாணவர்கள் ஐந்து பேர் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இடுப்புப் பட்டியில் இரண்டு பெருவிரல்களையும் கொளுவிக்கொண்டு வந்தார். ஒருவர் திறப்பைச் சுழற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவர் மூக்குக்கு நேரே வந்து நின்றார். மாணவி ஒருத்தி சொன்னாள்: "இவர் எனக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்கிறார்." அவருக்கு அது தெரியவே இல்லை. இடப்பக்கம் ஓர் அடி நகரச் சொன்னேன். நகர்ந்தார். பிள்ளையின் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. நடிப்பு அல்ல, அவளுக்கே ஆச்சரியம். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு ஓர் உப பரிசோதகர்: "கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய் சொல்கிறான். இது என் இருபது வருட அனுபவம்." நான் கேட்டேன்: "உங்கள் அப்பா ஏசும்போது நீங்கள் எங்கே பார்த்தீர்கள், சேர்?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, "நிலத்தை" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

இன்று ஆள்மாற்றம். மலைபோன்ற ஒரு சார்ஜன்ட் பையனாக, என் மாணவர்கள் இருவர் பொலிஸாக. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்: நில், கையைக் காட்டு, அசையாதே, அடையாள அட்டையை எடு. அவர் அட்டை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். "அசையாதே!" பாதிக் கை பைக்குள், பாதி வெளியே, அப்படியே நின்றுவிட்டார். மேலுதட்டில் வியர்வை. நடிப்பு முடிந்தது என்று சொன்ன பிறகும் கையை எடுக்க ஒரு கணம் பிடித்தது. "எதைச் செய்தாலும் பிழை, மிஸ்" என்றார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, செய்யும் வரை பொறு. நான் சொல்லவிருந்ததை அவரே எழுதிக்கொண்டார்.

பிறகு ஓர் இளம் கான்ஸ்டபிள், மரியாதையாகத்தான்: "இதெல்லாம் மண்டபத்துக்குச் சரி. இரவில் மேலிடம் கேட்பது ஒன்றே ஒன்று: இன்று எத்தனை பேர்?" 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கியதிலிருந்து கைது எண்ணிக்கை நாள்தோறும் செய்தியாக வந்ததை நினைவுபடுத்தினார். என்னிடம் பதில் இல்லை. எண்ணிக்கை கேட்பவரை இந்த மண்டபத்துக்கு யாரும் அழைக்கவில்லை.

மூன்றாவது நிரலைப் பார்த்துவிட்டேன். அந்த நிலையத்திலிருந்து இருவர். சார்ஜன்ட் அதில் ஒருவர்.

ஜூன் 16, திங்கள்

சின்னவன் தானாக வாய் திறந்தான். "உயரமான ஒருவர், புருவத்தில் தழும்பு, வந்தாரா?" இல்லை என்றேன். உண்மையில் இல்லை. அடித்தவரா என்று கேட்டேன்.

"இல்லை மாமி. தண்ணீர் தந்தவர்."

ஜூன் 17, செவ்வாய்

காற்று. கதவுகள் எல்லாம் அடித்துக்கொள்கின்றன.

ஜூன் 19, வியாழன்

நன்னடத்தை உத்தியோகத்தரின் குறிப்புகளைச் செம்மைப்படுத்திக் கொடுத்தேன். குற்றப் பொறுப்புக்கான ஆகக்குறைந்த வயது 2018 வரை இந்த நாட்டில் எட்டு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை! இப்போது பன்னிரண்டு, பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் என்றால் பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் பார்க்க வேண்டும். பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாதாரண வழக்கில் சாட்சியமாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டம்தான் விலக்கு. இதைச் சொன்னபோது சார்ஜன்ட் கேட்டாராம்: "அப்படியென்றால் அடித்து என்ன பயன்?" கேள்வியாகத்தான் கேட்டாராம், பகிடியாக அல்ல.

சிறுவருடன் அடிக்கடி பழகும் பொலிஸாருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் பெய்ஜிங் விதிகள் சொன்னது 1985இல். நிலையங்களில் சிறுவர், பெண்களுக்கென்று தனி மேசை இருக்கிறது, பரவாயில்லை, அங்கே நல்ல பிள்ளைகள் சிலர் வேலை செய்கிறார்கள். ஆனால் இரவு எட்டு மணிக்குச் சந்தியில் கையைக் காட்டி மறிப்பவர் அந்த மேசையில் இருப்பவர் அல்ல.

ஜூன் 26, வியாழன்

சின்னவனின் வழக்குத் தவணை. ஓகஸ்டுக்குத் தள்ளிவிட்டார்கள். உள்ளே போகுமுன் தம்பி அவன் காதில்: "நிமிர்ந்து நில்." சட்டத்தரணி: "தலையைக் குனிந்துகொள், தம்பி." இரண்டையும் செய்யப் பார்த்தான். கழுத்து ஒருமாதிரிக் கோணலாக நின்றது.

ஜூன் 28, சனி

அரைநாள் அமர்வு. பாதிப்பேர் வரவில்லை, கடமையாம். வந்தவர்களிடம், பயிற்சிக்குப் பிறகு என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். கொட்டாவி, சுவர்க் கடிகாரம். சார்ஜன்ட் மட்டும் எழுந்தார். வாவிக்கரையில் இருட்டிய பிறகு பையன்கள் கூட்டமாக நின்றார்களாம். என்ஜினை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, முதலில் தன் பெயரைச் சொன்னாராம். அப்படியும் ஒருவன் ஓடிவிட்டான்.

"துரத்தினீர்களா?"

"இல்லை. ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான். மற்றவர்களிடம் எடுத்துக் கொடுத்தேன்."

முன்பு என்றால் துரத்தியிருப்பீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. அந்த வாங்கு நினைவுக்கு வந்தது. கேட்கவில்லை, அமர்வு அறிக்கையை நிரப்பினேன். செருப்பை எழுத அதில் கட்டம் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

அடுத்த அணிக்குத் தானும் நடிக்க வருவதாகச் சின்னவன் சொல்கிறான். பையனாகவா என்றேன். "பொலிஸாக." தம்பி வேண்டவே வேண்டாம் என்கிறான்: வழக்கு முடியட்டும், முதலில் சாதாரண தரப் பெறுபேறு வரட்டும். அவன் பயம் நியாயம்தான். பயிற்சியில் முகம் காட்டினால் வழக்குக்குப் பாதகம் வருமா என்று நாளைக் காலை சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும். ஒன்பது மணிக்கு முன்னால் பிடித்தால்தான் ஆள் அகப்படுவார்.